என் பல்லுக்கு ரெண்டு விசில்

வாயைத் திறக்கச் சொல்றவங்க யாரும் பேசச் சொல்றதில்லை. ஆ காட்டும்மா, இன்னும் கொஞ்சம், அப்படியே வச்சுக்க, ரைட்டா? ரைட்டான்னு கேட்டுட்டுப் பதிலுக்கு நிக்காம உள்ளே கையை விட்டுடறார் டாக்டர் செந்தூரன். வாய்க்குள்ள அவரோட ரெண்டு கை, ஒரு கண்ணாடிக் குச்சி, எச்சிலை உறிஞ்சுற வளைஞ்ச குழாய், இத்தனையும் இருக்கறப்ப நான் எங்கேயிருந்து ரைட்டு சொல்றது. ஊசி போட்டதுல மேலுதடு செத்துப் போச்சு. மூக்கு நுனியும் போச்சு. தொட்டுப் பாத்தா யாரோ பக்கத்துச் சீட்டுக்காரங்க மூக்கைத் தொடற மாதிரி இருக்கு. பரவாயில்லை, அவர் குரல் எனக்கு முதல் நாளே வந்தாச்சு. தாடையைத் தளர விட்டு, மூச்சைப் பாதி கலந்து பேசி, கடைசியில அந்த ரைட்டாவை மெல்ல இறக்கி வைக்கணும், தூங்குற குழந்தையைத் தொட்டில்ல போடுற மாதிரி. போன தடவை வெளியே பெஞ்சில உக்காந்திருந்தப்ப கதவுப் பக்கம் திரும்பி, "அடுத்த பேஷன்ட் வாங்க, ரைட்டா?"ன்னேன். கன்னம் வீங்கின ஒரு பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நேரா உள்ளே போய், ஏற்கெனவே நாற்காலியில படுத்திருந்த வேற ஒரு அம்மா காலடியில உக்காந்துட்டார். நர்ஸ் பிளெசி அக்கா வெளியே ஓடி வந்தாங்க. மார்த்தாண்டத்துக்காரங்க, கோவம் வந்தா ஒவ்வொரு சொல்லையும் கொஞ்சம் நீட்டுவாங்க. "யாருட்டி இங்க டாக்டரு? நீயா டாக்டரு?" அதையும் எடுத்து வச்சுக்கிட்டேன். அதுக்கு நாக்கை மேல ஒட்டி ஒட்டி எடுக்கணும். நான் எடுத்து வச்சுக்காத குரல் ஈரோட்டிலேயே கம்மி. இப்ப எல்லாத்தையும் உள்ளே வச்சுப் பூட்டிட்டு ஆன்னு படுத்திருக்கேன், தலைக்கு மேல விளக்கு கண்ணைக் குத்துது, டாக்டர் என் மூஞ்சிக்கு மேலேயே குனிஞ்சுக்கிட்டு அம்மாகிட்டப் பேசறார். என்னைப் பத்தி. என்கிட்ட இல்லை.

எடுக்கப் போறது மேல் வரிசையில நடுப் பல்லு, இடது பக்கத்துது. நேரா நிக்காது அது. பக்கத்துப் பல்லு மேல லேசா தோளைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கும், பஸ் ஸ்டாண்டுல கடலை போடுற அண்ணன்மாருங்க மாதிரி. அதுக்குக் கம்பி போட்டு நேராக்கணும்னு எட்டாவது படிக்கறப்ப வேற ஒரு பல் டாக்டர் சொன்னப்ப நான் வேண்டாம்னு அழுது புரண்டேன். ஏன்னா என்கிட்ட இருக்கற எல்லாரும் அந்த இடுக்கு வழியாத்தான் வெளியே வர்றாங்க. எங்க ஹெச்.எம். டீச்சர் ஒவ்வொரு 'ஸ்'க்கும் பின்னால ஒரு சின்ன காத்தை விடுவாங்களே, "ஸ்டூடன்ட்ஸ், ஸைலன்ஸ்!", அந்தக் காத்து அந்தச் சாய்வுல உரசித்தான் வரும். அம்மா வேற மாதிரி. அம்மாவுக்குத் தறிக்குடோன்ல வேலை, எட்டுத் தறியும் ஒண்ணா ஓடறப்ப அதுக்கு மேல கத்திக் கத்திப் பழகினதால வீட்டிலேயும் சாமி கும்பிடறப்பவும் எழவு வீட்டிலேயும் ஒரே சத்தம்தான், அந்தச் சத்தத்துக்கு மேல் பல்லு ரெண்டையும் கீழுதட்டுல அழுத்தி வச்சுட்டு விடணும். எங்கம்மா என்னைத் திட்டறதை எங்கம்மாவுக்கு முன்னாடியே நான் திட்டி முடிச்சுடுவேன். நாக்குக்கு அந்தப் பல்லு நல்லாத் தெரியும். அதுக்குப் பின்பக்கத்துல ஒரு குழி இருக்கு, குழிக்கு நடுவுல ஒரு கோடு, பெரிய கோடு, வாய்க்கால் மாதிரி. சும்மா இருக்கறப்பெல்லாம் நாக்கு அங்கேதான் போய் உக்காரும். ஆனா கண்ணு ஒரு தடவை கூட அந்தப் பக்கத்தைப் பாத்ததில்லை. கண்ணாடியில பாத்தா முன்பக்கம்தான் தெரியும். பின்பக்கத்தைப் பாக்கணும்னா பல்லு வெளியே வரணும். வரப் போகுது. அதைத்தான் நான் கேட்டேன், ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன், அதுக்கு இவங்க ரெண்டு பேரும் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

தவளை தன் வாயால கெடும்னு எனக்கு இந்த மாசத்துல சொல்லாத ஆள் இல்லை. சொல்றவங்க எல்லாம் அன்னைக்கு டவுன் பஸ்ல இருந்த மாதிரியே சொல்றாங்க. நடந்தது இதுதான். பஸ் நிக்குது. கண்டக்டர் கீழே இறங்கி, துண்டு மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் எடுன்னு ஒருத்தர்கிட்ட மல்லுக்கு நிக்கறார். வெயில்ல உள்ளே எல்லாரும் வெந்துக்கிட்டு இருக்கோம். ஒரு விசில்னா நிக்கணும், ரெண்டு விசில்னா போகணும், எந்த ஊர்ல எந்தப் பஸ்ல ஏறினாலும் இதுதானே சட்டம். நான் நாக்கை அந்தச் சாய்ஞ்ச பல்லுக்குப் பின்னால கொடுத்து அடிச்சேன் ரெண்டு. அவர் விசில், அதே பிசிறு, அதே அவசரம், ரெண்டாவதுல கடைசியில ஒரு சின்ன வளைவு. டிரைவர் வண்டியை எடுத்துட்டார். கண்டக்டர் பையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுல ஓடி வர்றார், மூட்டைக்காரர் அவருக்கும் முன்னால ஓடி வர்றார், பஸ்ஸே சிரிக்குது, நான் பின்னால திரும்பி உக்காந்து கையாட்டிட்டு முன்னால திரும்பறேன், டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு பிரேக்குல ஒரே மிதி. முன் சீட்டுக் கம்பி என் வாய்க்குள்ள. அவ்வளவுதான். பல்லு விழலை, உள்ளேயே வேர்ல நீளமா விரிசல். நான் கேக்கறேன், விசில் கேட்டவுடனே பின்னால யார் இருக்கா இல்லைன்னு பாக்காம வண்டியை எடுக்கறவர் மேல ஒரு வார்த்தை உண்டா? இல்லை. சத்தத்தை நம்பினவர் நல்லவர், சத்தம் போட்டவ கெட்டவ. சரி, இருக்கட்டும். அதுக்குக் கூட நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா விசில் அடிச்சவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவ பல்லை மட்டும் என்ன வேணா செய்யலாமா?

போன தடவை இதே அறையில, இதே நாற்காலியில நான் நிமிர்ந்து உக்காந்திருக்கேன். டாக்டர் அம்மாகிட்டச் சொல்றார்: பல்லை எடுத்தே ஆகணும்மா, எடுத்தா அந்த இடத்துல எலும்பு கரைஞ்சு உள்ளே இறங்கிடும், முகம் அங்கே ஒடுங்கிடும், பாப்பாவுக்கு இன்னும் வளர்ற வயசு, ஸ்குரூ பல்லு இப்ப வைக்க முடியாது, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான், அதுவரைக்கும் குழி மூடாம எலும்பு நிக்கணும்னா அதுல எலும்புத் தூள் வச்சுத் தைக்கணும், ரைட்டா? அம்மா, "எந்த எலும்புங்?"ன்னாங்க. வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்டிருக்கும். டாக்டர் குரலை இன்னும் இறக்கி, மாட்டு எலும்புல சுத்தம் பண்ணி வருதும்மான்னார். "அய்யோ சாமி! மாரியாத்தாளுக்குப் பூவோடு எடுக்கறதுக்கு நோம்பி சாட்டியாச்சுங், வெரதமுங்! கறிக்குழம்பே வைக்கலைங் எங்கூட்டுல, புள்ளை வாய்க்குள்ள மாட்டு எலும்பை வச்சுத் தைக்கறதாங்?" சரிம்மா, மனுஷ எலும்புத் தூளும் இருக்கு, தானமா குடுத்தது. "செத்தவங்களுதுங்களா?" டாக்டர் தலையாட்டினார். எனக்கு ஒரே குஷி, அம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்து. செத்தவங்க எலும்பு என் தாடைக்குள்ள இருந்தா ராத்திரி அவங்க குரல்ல பேசலாமேன்னு வாயைத் திறந்தேன், அம்மா கையைக் காட்டினாங்க, மூடிக்கிட்டேன். அப்பத்தான் டாக்டர் முகம் மலர்ந்துச்சு. "அப்போ இன்னொரு வழி இருக்கு. பாப்பாவோட பல்லையே எடுத்து, சுத்தம் பண்ணி, சின்ன மெசின்ல அரைச்சு, அதே குழியில வச்சுடலாம். பல்லும் எலும்பு மாதிரிதான், உடம்பு ஒதுக்காது, கொஞ்ச நாள்ல அதுவே எலும்பா மாறிக்கும். சொந்தப் பல்லு, ரைட்டா?" மெசின்னா எப்படிங்? "மிக்சி மாதிரிதாம்மா. சட்னி அரைக்கற மாதிரி." சட்னி! அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. "அதையே பண்ணிப்போடுங் டாக்டரு, என்ற புள்ளையோடது என்ற புள்ளைக்கே, யாருக்கென்னங்!" என்ற புள்ளை அங்கேயே உக்காந்திருக்கா. சட்னிக்குத் தேங்காய் குடுக்கற மரத்தைக் கூட யாராச்சும் ஏறறதுக்கு முன்னாடி அண்ணாந்து ஒரு தடவை பாப்பாங்க. நான் சொன்னேன், டாக்டர், அரைக்கறதுக்கு முன்னாடி என்கிட்டக் காட்டணும். காட்டிட்டு, அரைக்கலாமான்னு என்கிட்டக் கேக்கணும். இதை நான் யார் குரலும் போடாம என் குரல்லதான் சொன்னேன், அதனாலதான் யாருக்கும் காதுல ஏறலை போல. டாக்டர் சிரிச்சார். கண்டிப்பா காட்டறேன், ரைட்டா? அம்மாவும் சிரிச்சாங்க. "இவ இப்படித்தானுங், எதையாச்சும் சொல்லிட்டே இருப்பா." எனக்கு விழுந்த பால் பல்லு அத்தனையும் நானே சாணியில வச்சு உருண்டை பிடிச்சு, நானே தறிக்குடோன் ஓட்டு மேல எறிஞ்சது. ஒண்ணு சறுக்கித் திரும்பக் கீழே வந்தப்பக் கூட வேற யாரையும் தொட விடலை. யாரும் எனக்கு முன்னாடி தொட்டதில்லை. அதை எப்படி இவங்களுக்குச் சொல்றது, ஆ காட்டிக்கிட்டு.

வலிக்கலை. அதுல பொய் சொல்லலை அவர். ஆனா சத்தத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. மண்டைக்குள்ள யாரோ பழைய மரப் பீரோவை இழுக்கறாங்க, காலு தரையில கீறுது, கொஞ்சம் நிறுத்தறாங்க, மறுபடி இழுக்கறாங்க. நான் கண்ணை மூடிக்கிட்டு அந்தச் சத்தத்தையே பிடிச்சுக்கிட்டு இருந்தேன், இதை எப்படிச் செய்யறது, தொண்டை அடியில, நாக்கை உள்ளுக்கு இழுத்து, க்ர்ர், இல்லை, இன்னும் காஞ்சு போன சத்தம், இன்னும் உள்ளே. ஒரு நொறுங்கல். ஒரு வெற்றிடம். நாக்கு உடனே ஓடிப் போய்ப் பாத்துச்சு. அங்கே யாரும் இல்லை. வெதுவெதுன்னு உப்பா ஏதோ ஊறுது. நாக்கு போன வேகத்துல குழிக்குள்ள தடுக்கி விழுந்துட்டுத் திரும்ப வந்துடுச்சு. "கழிஞ்சு மக்ளே, கழிஞ்சு," முடிஞ்சுதுன்னு பிளெசி அக்கா பஞ்சுத் துணியை மடிச்சு வச்சாங்க. "இதைக் கடிச்சுக்க. பேசப்பிடாது, கேட்டியா? வாயைத் தொறந்தா ரத்தம் நிக்காது." டாக்டர் ஒரு கிண்ணத்துல எதையோ டங்குன்னு போட்டார். அந்த டங்கு என் பல்லு. நான் தலையைத் திருப்பினேன், அவர் முதுகுதான் தெரியுது. முதுகுக்குப் பின்னால சின்ன டிரில் ஓடுது, பல்லு மேல ஒட்டியிருக்கறதைச் சுத்தம் பண்றார், தண்ணி பீச்சறார், காயவைக்கறார். கதவோரத்துல அம்மா. "நல்லா வந்துருச்சுங்களா?" சூப்பரா வந்துடுச்சும்மா, நீளமான வேர், நிறையத் தூள் கிடைக்கும். "காட்டுங் பாக்கலாம்!" அம்மாகிட்டக் காட்டறார். அம்மாகிட்ட! ரெண்டு பேரும் குனிஞ்சு பாக்கறாங்க, அம்மா உச்சுக் கொட்டறாங்க, நல்லா இருக்குதுங்கறாங்க, எங்கப்பாரு பல்லு மாதிரியே இருக்குதுங்கறாங்க. நான் கையை நீட்டறேன். கை நீட்டறதை யாரும் பாக்கலை. ம்ம்னேன். "இருக்குது இருக்குது கண்ணு, பேசாத, ரத்தம் வரும்." டாக்டர், அரைக்கறதுக்கு முன்னாடின்னு சொன்னீங்களே, கண்டிப்பான்னு சொன்னீங்களே, தொட்டில்ல போட்டு ஆட்டினீங்களே அந்த ரைட்டாவை. எல்லாம் பஞ்சுக்குள்ளேயே ஊறிப் போகுது. வேணும்னா துப்பிட்டுக் கத்தலாம். கத்தினா, பாருங் டாக்டரு ஆரம்பிச்சுட்டாங்கும் அம்மா. நான் அழுதாக் கூட யாரை மாதிரி அழறேன்னுதான் பாப்பாங்க.

பிளெசி அக்கா மெசினை எடுத்து வச்சாங்க. வெள்ளை டப்பா, மேல ஒரு மூடி. எனக்குத் தெரியும் இதை. போன தடவை பெஞ்சில உக்காந்திருந்தப்ப உள்ளே யாருக்கோ ஓடுச்சு. முதல்ல சன்னமா ஒரு கொசு, அப்புறம் கொசு பெருசாகி, அப்புறம் உள்ளே விழுந்தது உடையற பொரபொர. நடுவுல ஒரு தடவை சிக்கிக்கிச்சு. ங்ஙீஈன்னு ஏறிப் போய் மேல நின்னுக்கிட்டுத் திணறுச்சு, உடனே பிளெசி அக்கா, "டாக்டரே, ஸ்டக் ஆயிட்டு!"ன்னு அணைச்சாங்க. அதைக் கேட்டப்பவே எடுத்து வச்சுக்கிட்டேன், எதுக்குன்னு தெரியாது, எதுக்குன்னு தெரிஞ்சுதானா எல்லாத்தையும் எடுத்து வைக்கறேன்? அதுக்கு உதடு வேண்டாம். பல்லு வேண்டாம். நாக்கே வேண்டாம். வாயை மூடிக்கிட்டு மூக்கும் தொண்டையும் சேர்ற இடத்துல செய்யணும். டாக்டர், "முதல்ல சும்மா ஓட்டிப் பாருங்க"ன்னார். பொத்தானை அழுத்தினாங்க. கொசு வந்துச்சு. நான் அது பக்கத்துலேயே ஏறினேன், அதோட கையைக் கோத்துக்கிட்டு, அதைத் தாண்டி, மேல போய் நின்னு திணறினேன். "ஸ்டக்!" அணைச்சாங்க. மூடியைத் திறந்து பாத்தாங்க. "ஒண்ணும் இல்லையே டாக்டரே." மறுபடி போடுங்க. போட்டாங்க. மறுபடி திணறினேன், இந்தத் தடவை கடைசியில ஒரு கரகரப்பும் சேத்து, இவ்வளவு அழகா அந்த மெசினே திணறியிருக்காது. "பிளேடு போயிடுச்சா?" டாக்டர் குரல்ல ரைட்டா இல்லை. அம்மா, "கரண்டு கம்மியா வருதாட்ட இருக்குதுங், எங்க குடோன்லயும் இப்படித்தான் முக்கும்"ங்கறாங்க. டப்பாவைத் தட்டறாங்க, ஒயரை ஆட்டறாங்க, வேற ப்ளக்குல மாட்டறாங்க. சிரிப்பு பஞ்சை முட்டுது, குழிக்குள்ள தையல் இல்லாத சதை விண்ணுங்குது, ஆனா உள்ளே நான் சிரிக்கலை, உள்ளே நான் கொதிச்சுக்கிட்டு இருக்கேன், ஒரு டப்பாவுக்கு வலிச்சா மூணு பேரும் குனிஞ்சு என்ன ஏதுன்னு கேக்கறாங்க. மூணாவது தடவை போட்டாங்க, ஏறினேன், பிளெசி அக்கா மெசினைப் பாக்கலை. என் கழுத்தைப் பாத்தாங்க. மெதுவா ரெண்டு விரலை என் தொண்டை மேல வச்சாங்க. அங்கே அதிருது. "டாக்டரே," ன்னாங்க, "மெசின் நல்லாத்தான் இருக்கு. ஸ்டக் ஆனது பிள்ளையாக்கும்."

அணைச்சாச்சு. அம்மா ஆரம்பிச்சாங்க: "அடிப் பாவி! இங்கயுமாடி? உசுருக்கு வைத்தியம் பாக்கற எடத்துல..." டாக்டர் மூஞ்சி சிவந்துடுச்சு. பாப்பா, இது விளையாடற எடம் இல்லை, அரைக்கறது லேட் ஆகுதுன்னார். நான் பஞ்சை எடுத்தேன். எடுக்காதேன்னாங்க, எடுத்தேன். ரத்தமும் எச்சிலும் தாடையில வழியுது, மேலுதடு எங்கேயோ தொங்குது, நான் சொல்ல நினைச்சது ஒரு பக்கம், வந்தது ஒரு பக்கம். "அழைக்கறதுக்கு முன்னாடி..." அரைக்கறது கூட வரலை எனக்கு. ஈரோட்டையே உள்ளே வச்சிருக்கேன், ஒரு ஆளும் வெளியே வர மாட்டேங்கறாங்க. மறுபடி சொன்னேன், காத்தும் எச்சிலுமா. "கேக்கறேன்னு சொன்னீங்க." கையை நீட்டினேன். உள்ளங்கையை விரிச்சு நீட்டிக்கிட்டே இருந்தேன். டாக்டர் அதைப் பாத்தார், என்னைப் பாத்தார், அப்புறம் புரிஞ்சது அவர் காது வரைக்கும் போறதை நான் பாத்தேன். "தொட்டா மறுபடி கழுவணும் டாக்டரே," பிளெசி அக்கா. "கழுவிக்கலாம்," அவர். கழுவிக்கலாம்! என் கையில ஒரு க்ளவுஸை மாட்டி, அது மேல சுத்தமான துணி போட்டு, வச்சார்.

இத்துனூண்டு. இத்துனூண்டா இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை. கண்ணாடியில தெரிஞ்சது மேல் பாதி, கீழே அதை விட நீளமா வேர், வேர்ல மயிரிழை மாதிரி அந்தக் கம்பியோட விரிசல். திருப்பினேன். பின்பக்கம். குழி இருக்கு, ஆமா, கோடும் இருக்கு, ஆனா வாய்க்கால் இல்லை அது, நகத்தால கீறின கோடு, ஓரத்துல கொஞ்சம் டீக் கறை. இவ்வளவு சின்ன எடத்துலயா இத்தனை பேரும் வந்து போனீங்க. ஹெச்.எம். டீச்சர், கண்டக்டர், எங்கம்மா, இத்தனை பேரும் இந்த இடுக்குல தோள் இடிக்காமலா போனீங்க. நாக்கு வாய்க்குள்ள துடிக்குது, அதுக்குத்தான் அந்த வழி தெரியும், ஆனா அது இங்கே வர முடியாது. விளக்கு வெளிச்சத்துல பல்லு மஞ்சளா இருக்கு, பாவமா இருக்கு, யாருமே இல்லாத மாதிரி இருக்கு. எறியறதுக்கு ஓடு இல்லை. அதுக்கு வேற எடம் பாத்து வச்சிருக்காங்க, அது இருந்த அதே வீடு. நல்ல எடம்தான். நான் இல்லைன்னு சொல்லவே இல்லையே, யார்கிட்டேயும், ஒரு தடவை கூட. டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் உயரத்துக்கு உக்காந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கினார். அவருக்கு மீசை இருக்குன்னே எனக்கு இப்பத்தான் தெரியும். "சஷ்மிதா," ன்னார். பாப்பா இல்லை. "இதை அரைக்கலாமா?" பின்னால ரைட்டா வரும்னு காத்திருந்தேன், வரலை. அந்தக் குரல் என்கிட்ட இல்லை. அதை எடுத்து வச்சுக்கணும்னு கூடத் தோணலை எனக்கு. காக்க வச்சேன் அவரை. நல்லாக் காக்க வச்சேன், பெஞ்சில அவர் காக்க வச்ச எல்லாருக்காகவும். அப்புறம் நானே எந்திரிச்சுப் போய் டப்பா மூடியைத் திறந்து பல்லைப் பிளெசி அக்கா கிண்ணத்துல போட்டேன், கழுவிட்டு அவங்க என் கையிலேயே திரும்பக் குடுத்தாங்க, இந்தா மக்ளே நீயே இடுன்னு, நானே இட்டேன், நானே மூடினேன். டாக்டர் பொத்தான் மேல விரலை வச்சுக்கிட்டு என்னையே பாத்தார், வச்சாரே தவிர அழுத்தலை. சொல்றதுக்கு எனக்கு வாய் இல்லை. நாக்கைக் கொண்டு போய் அது எப்பவும் நிக்கற எடத்துல வச்சேன், முட்டறதுக்கு ஒண்ணும் இல்லை, இருந்தாலும் ஊதினேன், வெறும் காத்து, கொஞ்சம் ரத்தத் துளி, சத்தமே இல்லை. இன்னொண்ணு ஊதினேன், கடைசியில சின்ன வளைவோட.

அம்மாதான் முதல்ல புரிஞ்சுக்கிட்டது. தறிச் சத்தத்துக்கு மேல கத்தற குரல்ல, கண்ணைத் துடைச்சுக்கிட்டே கத்தினாங்க: "ரெண்டு விசில் அடிச்சாச்சுங் டாக்டரு, வண்டிய எடுங்!"